பாக்டீரியாவின் நச்சு செல்லுக்குள் போய்ச் சேர்வது எப்படி? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

1959ஆம் ஆண்டு கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற நோயியல் பேராசிரியர், முயலின் சிறுகுடலில் ஒரு சிறு துண்டை இரு முனையிலும் நூலால் இறுக்கிக் கட்டி, அதற்குள் ஒரு திரவத்தைச் செலுத்திய சோதனையை வெளியிட்டார். காலரா பாக்டீரியாவை வளர்த்து, பிறகு அந்தப் பாக்டீரியாவை முழுக்க வடிகட்டி எடுத்தபின் மிஞ்சிய தெளிந்த திரவம் அது. மறுநாள் பார்த்தால் கட்டிய குடல் துண்டு உப்பிக் கிடக்கிறது. உள்ளே அரிசி களைந்த தண்ணீர் போன்ற நீர். காலரா நோயாளிக்குப் போகும் அதே நீர். உயிருள்ள பாக்டீரியா ஒன்றுகூட இல்லாமலே காலரா வந்துவிட்டது.

காலராவுக்கு ஒரு நச்சுதான் காரணம் என்று ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் 1884இலேயே சொல்லியிருந்தார். அதைக் காட்ட எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. நச்சைப் பிராணியின் உடலுக்குள் ஊசியால் ஏற்றி, அது சாகிறதா என்று பார்ப்பதே வழக்கமாக இருந்தது. தே அதைக் குடலின் உட்புறத்தில் வைத்தார். திரவத்தில் மாயம் ஏதும் இல்லை, வைத்த இடம்தான் மாறியது.

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும்போது ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு மாணவர் எழுந்து, “இருப்பதிலேயே கொடிய நச்சு எது சார்?” என்று கேட்பார். எனக்கு அந்தக் கேள்வியில் அவ்வளவு ருசியில்லை. அது எந்த வழியாக உள்ளே போனது, யார் உள்ளே விட்டார்கள் என்று கேட்டால்தான் கதை தொடங்குகிறது. எந்தப் பாக்டீரியா நச்சைப் பற்றிப் படித்தாலும் அந்த வழியைத் தடம் பிடிக்க நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் முறையைக் கீழே கொடுத்திருக்கிறேன். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சுவர்களை எண்ணுங்கள்

தாளின் இடப்பக்கம் ஒரு பாக்டீரியா, வலப்பக்கம் அது தாக்கப்போகும் செல். இரண்டையும் சுற்றிச் சவ்வு உண்டு. சவ்வு என்பது கொழுப்பால் ஆன மெல்லிய படலம். ஆக்சிஜன் போன்ற சின்ன மூலக்கூறுகள் கசிந்து போகும், நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பெரிய புரதம் போகாது. பாக்டீரியா நச்சுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட புரதங்கள்தான்.

கிராம் என்ற சாயச் சோதனையை வைத்துப் பாக்டீரியாவை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவுக்கு ஒரு சவ்வும், அதற்கு வெளியே தடித்த சுவரும். கிராம் நெகட்டிவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சவ்வுகள். எதிர்ப்பக்கத்துச் செல்லுக்கு இன்னொன்று. ஆக, காலரா பாக்டீரியா போன்ற ஒரு கிராம் நெகட்டிவ் தன் நச்சை நம் செல்லுக்குள் சேர்க்க மூன்று படலங்களைக் கடந்தாக வேண்டும். இந்த மூன்று கோடுகளையும் அழுத்தமாகப் போடுங்கள். மீதிக் கதை முழுவதும் இவற்றைத் தாண்டும் கதைதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ‘எண்டோடாக்சின்’ என்று ஒரு சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அது கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்விலேயே இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் கலந்த பொருள். அதை யாரும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. பாக்டீரியா சிதையும்போது உதிர்கிறது, நம் எதிர்ப்பாற்றல் அதைக் கண்டு பதறுவதால் காய்ச்சல் வருகிறது. கோக்கின் மாணவர் ரிச்சர்ட் ஃபைஃபர் காலராவின் நச்சும் இப்படிப் பாக்டீரியாவின் உடலோடு ஒட்டியது என்றே 1892இல் கருதினார். அந்தக் கருத்து நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. அனுப்பப்படுவது வேறு, உதிர்வது வேறு. நாம் பார்க்கப்போவது அனுப்பப்படுவதை மட்டும்.

படி 2: பாக்டீரியாவை விட்டு வெளியே வரும் வழி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பாடப்புத்தகங்கள் இதில்தான் பக்கம் பக்கமாக மூழ்குகின்றன. வெளியேற்றும் கருவிகளுக்குச் சுரப்பு அமைப்புகள் என்று பெயர். கண்டுபிடித்த வரிசையில் முதல் வகை, இரண்டாம் வகை என்று எண் போட்டுக்கொண்டே போகிறார்கள். எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தக் கருவி நச்சை வாசலில் விட்டுவிடுகிறதா, எதிராளியின் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கிறதா?

முதல் வகையும் இரண்டாம் வகையும் வாசலில் விடுபவை. சிறுநீர்த் தொற்று உண்டாக்கும் சில ஈ. கோலை பாக்டீரியாக்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கும் புரதத்தை முதல் வகை வழியாக ஒரே மூச்சில் இரு சவ்வுகளையும் தாண்டித் தள்ளுகின்றன. காலரா நச்சு இரண்டு கட்டமாக வருகிறது: உள்சவ்வைத் தாண்டி இரு சவ்வுகளுக்கும் இடையில் மடிந்து உருவம் பெற்று, பிறகு இரண்டாம் வகைக் கருவியால் வெளியே தள்ளப்படுகிறது. மூன்றாம், ஆறாம் வகைகள் நேரே வீட்டுக்குள் நுழைபவை. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

இன்னொரு வழியும் உண்டு: பாக்டீரியா செத்து உடைந்து நச்சைக் கொட்டுவது. கேட்கப் பரிதாபமாக இருந்தாலும் பலன் தரும் வழி. கடைசிப் படியில் இதற்கு உதாரணம் வரும்.

படி 3: விலாசத்தைக் கண்டுபிடியுங்கள்

வாசலில் விடப்பட்ட நச்சு இனி தனியாள். பாக்டீரியா தொண்டையில் இருக்கும், நச்சு இதயத்துக்குப் போயிருக்கும். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயில் நடப்பது அதுதான். 1888இல் பாரிஸில் எமில் ரூவும் அலெக்சாந்தர் யெர்சினும் பாக்டீரியா நீங்கிய வடிநீரே பிராணிகளைக் கொல்வதைக் காட்டினார்கள்.

இப்படித் தனியாகப் பயணிக்கும் நச்சுகள் பலவற்றில் இரண்டு பகுதிகள் இருக்கும்: செல்லைப் பிடிக்கும் பி பகுதி, உள்ளே போய் வேலை செய்யும் ஏ பகுதி. பி என்பது தபால் உறையின் மேல் எழுதிய விலாசம், ஏ உள்ளே இருக்கும் கடிதம். பி பகுதி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏதோ ஒரு மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். அந்த மூலக்கூறு நச்சுக்காக அங்கே இருப்பதில்லை. செல் தன் சொந்தக் காரியத்துக்காக வைத்திருப்பது. தொண்டை அடைப்பான் நச்சு பிடிப்பது ஒரு வளர்ச்சிக் காரணிப் புரதத்தை. எலியிடம் அந்தப் புரதம் சற்றே வேறு வடிவில் இருக்கிறது. ஆகவே மனிதனையும் கினிப்பன்றியையும் கொல்லும் நச்சை எலி பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஏ பகுதியை மட்டும் ஏதாவது வழியில் எலியின் செல்லுக்குள் போட்டுவிட்டால் அந்தச் செல் பிழைக்காது. 1978இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியபடி, செல்லுக்குள் ஏ பகுதியின் ஒரே ஒரு மூலக்கூறு போய்விட்டாலே அதைக் கொல்லப் போதும்.

விலாசத்தை மாற்றி எழுத முடியுமா? எழுதியிருக்கிறார்கள். இந்த நச்சின் பிடிக்கும் பகுதியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இன்டர்லூக்கின் 2 என்ற புரதத்தை ஒட்டிய மருந்துக்கு 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்டர்லூக்கின் 2ஐப் பிடிக்கும் ஏற்பி சில தோல் லிம்ஃபோமா புற்றுச் செல்களில் இருக்கிறது. கடிதம் அதேதான், உறை மட்டும் புதிது.

படி 4: உள்ளே எப்படி நுழைகிறது?

இதில்தான் நிதானமாக உட்கார வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி முரட்டு வழி, சவ்வில் ஓட்டை போடுவது. ஸ்டஃபிலோகாக்கஸின் ஆல்ஃபா நச்சு ஏழு துண்டுகளாக வந்து சவ்வின் மேல் வட்டமாகக் கூடி, குழாய்போல் கீழே இறங்கும். அது எதையும் உள்ளே அனுப்புவதில்லை, ஓட்டைதான் நச்சு. ஆய்வகத்தில் ஆட்டு ரத்தம் கலந்த அகார் தட்டில், அதாவது பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டில், இந்தப் பாக்டீரியாவைக் கோடாகத் தேய்த்து, மறுநாள் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், ஒவ்வொரு மஞ்சள் புள்ளியைச் சுற்றியும் சிவப்பு கரைந்து கண்ணாடிபோல் தெளிந்த வளையம் தெரியும். சிவப்பணுக்கள் வெடித்துப்போன இடம் அது. அந்த வளையத்தின் வழியாகப் பின்னாலிருக்கும் செய்தித்தாளைக்கூடப் படிக்கலாம். பாக்டீரியா அசையாமல் உட்கார்ந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்துக்கு வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது வழி அமிலத்துக்குக் காத்திருப்பது. செல் தன் மேற்பரப்பில் ஒட்டியதைச் சின்னப் பையாக மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பையை அமிலமாக்கும். உள்ளே வந்ததைச் செரிக்க அது செய்யும் அன்றாட வேலை இது. தொண்டை அடைப்பான் நச்சுக்கு அமிலம்தான் மணியடிப்பு. அமிலம் பட்டதும் அதன் நடுப்பகுதி உருவம் மாறிப் பையின் சவ்வுக்குள் செருகிக்கொள்கிறது. ஏ பகுதி மடிப்பு அவிழ்ந்து அதன் வழியே நழுவி அப்பால் போகிறது. போவதற்கு முன் ஏ பகுதிக்கும் பி பகுதிக்கும் இடையிலுள்ள சங்கிலியை வெட்டித் தருவதும் செல்லின் சொந்த நொதிதான். இழுத்ததும் செல், அமிலமாக்கியதும் செல், வெட்டியதும் செல். வந்த விருந்தாளி கைகூடக் கழுவவில்லை.

மூன்றாவது வழி காலரா நச்சுடையது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. ஐந்து பி துண்டுகள் வளையமாக நிற்க, நடுவில் ஏ. வளையம் குடல் செல்லின் மேலிருக்கும் ஜிஎம்1 என்ற சர்க்கரைக் கொழுப்பைப் பற்றிக்கொள்கிறது. செல் உள்ளே இழுக்கிறது. அமிலத்தில் நச்சு அவசரப்படுவதில்லை. செல்லின் போக்குவரத்தில் எதிர்த்திசையில் ஏறி, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கி என்ற பகுதியைத் தாண்டி, புதுப் புரதங்கள் தயாராகும் எண்டோபிளாஸ்மிக் வலை வரை போகிறது. அங்கே ஒரு தரப் பரிசோதனை நடக்கிறது: சரியாக மடியாத புரதங்களைப் பொறுக்கிப் பின்வாசல் வழியாக வெளியே எறிவார்கள், வெளியே வந்ததும் அவற்றின் மேல் ‘அழி’ என்று முத்திரை குத்தப்படும். காலரா நச்சின் ஏ துண்டு அங்கே போய் மடிப்பு அவிழ்ந்து கெட்டுப்போன சரக்காகக் கிடக்கிறது. செல் அதைத் தூக்கி எறிகிறது. எறிந்த இடம்தான் அது போகவேண்டிய இடம்! அழிவு முத்திரை குத்தப்படுவது லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல். இந்தத் துண்டில் லைசின் மிகக் குறைவு. முத்திரை குத்த இடமில்லாததால்தான் தப்பிக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

உள்ளே வந்தபின் அது ஒரு சுவிட்சை ‘ஆன்’ நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, பின்னாலேயே நீரும் கொட்டுகிறது. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்வரை போகும். ஆனால் குளுக்கோஸோடு சேர்ந்து சோடியத்தை உள்ளிழுக்கும் வாசலை இந்த நச்சு தொடுவதில்லை. அந்த வாசலை நம்பித்தான் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீர் வேலை செய்கிறது. 1971இல் வங்க அகதிகள் குவிந்த, மேற்கு வங்கத்தின் பொன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனபிஸ் அதைப் பீப்பாய்களில் கலக்கிக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்.

படி 5: ஒரே கத்தரிக்கோல், இரண்டு நோய்

ஏ பகுதி உள்ளே என்ன செய்கிறது என்பது அடுத்த கேள்வி. ஒரு புரதத்தை வெட்டும், அல்லது ஒரு புரதத்தின் மேல் தேவையில்லாத ஒட்டு ஒன்றைப் போடும். விதம் அவ்வளவு அதிகமில்லை. விநியோகம்தான் முக்கியம் என்று நான் அடம்பிடிப்பதற்கு டெட்டனஸும் போட்டுலினமும்தான் சாட்சி.

இரண்டும் நரம்பு நச்சுகள். நரம்பு முனையிலிருந்து சமிக்ஞைப் பொருள் வெளியேற வேண்டுமானால் சினாப்டோபிரெவின் என்ற புரதம் வேண்டும். டெட்டனஸ் நச்சும், போட்டுலினம் நச்சின் பி வகையும் அந்தப் புரதத்தை ஒரே இடத்தில், ஒரே இணைப்பில் வெட்டுகின்றன. இது தெரியவந்தது 1992இல். ஒரே கத்தரி, ஒரே வெட்டு. ஆனால் போட்டுலினத்தில் தசை துவண்டு விழுகிறது. டெட்டனஸில் தாடை இறுகி முதுகு வில்லாக வளைகிறது.

போட்டுலினம் தசையைத் தொடும் நரம்பு முனையிலேயே அமிலப் பையிலிருந்து இறங்கிவிடுகிறது. தசைக்குக் கட்டளை வராது, துவளும். டெட்டனஸ் அதே முனையில்தான் ஏறுகிறது, ஆனால் அமிலமாகாத ஒரு பையில் உட்கார்ந்து நரம்பு இழையின் நெடுக மேலே பயணித்துத் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே இறங்கி அடுத்த நரம்புக்குள் மாறி ஏறுகிறது. அந்த அடுத்த நரம்பின் வேலை தசையை அடக்கிவைப்பது. அதன் வாயைக் கட்டிவிட்டால் அடக்குவார் இல்லாமல் தசை முறுக்கிக்கொள்ளும். காலில் ஆணி குத்தியதற்குத் தாடை பூட்டிக்கொள்வதன் பின்னணி இந்த நெடும்பயணம்தான்.

ஆணி குத்தியவுடன் ஊசி போட விரட்டுவதன் காரணமும் இங்கே இருக்கிறது. எதிர்நச்சு மருந்து வெளியே அலையும் நச்சைத்தான் பிடிக்கும். செல்லுக்குள் இறங்கிவிட்டதை எந்த ஆன்டிபாடியும், அதாவது உடலின் எந்த எதிர்ப்புப் புரதமும், எட்டாது. டெட்டனஸ் தடுப்பூசியும் நச்சைச் செல்லுக்கு வெளியிலேயே மடக்கும் ஆன்டிபாடியைத் தயாராக வைக்கும் ஏற்பாடுதான்.

படி 6: நேரே ஊசி போடுகிறவர்கள்

இதுவரை பார்த்தவை வாசலில் விட்டவை. சால்மோனெல்லா போன்றவை செல்லோடு ஒட்டி நின்று சிரிஞ்சே வைத்துக் குத்துகின்றன. 1998இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த மூன்றாம் வகைக் கருவி தெளிவாகத் தெரிந்தபோது, அடித்தளமும் ஊசியுமாக அது உண்மையிலேயே சிரிஞ்சு போலவே இருந்தது. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் அடித்தளமும் இதுவும் உறவுக்காரர்கள். ஊசியின் உட்துளை இரண்டு அல்லது இரண்டரை நானோமீட்டர்தான். மடிந்த புரதம் அதில் நுழையாது. மடிப்பு அவிழ்ந்து, ஊசியில் நூல் கோப்பதுபோல் முனையை முன்னே நீட்டிப் போகவேண்டும்.

உள்ளே போவது கொல்லும் நச்சாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒருவகை ஈ. கோலை, தான் பிடித்துக்கொள்வதற்கான ஏற்பியையே குடல் செல்லுக்குள் செலுத்துகிறது. அது செல்லின் மேற்பரப்பில் போய் நின்றதும் பாக்டீரியா அதைப் பற்றிக்கொள்கிறது. பந்திக்கு வருகிறவர் தன் இலையைத் தானே கொண்டுவந்து போட்டுக்கொள்வதுபோல. 1997இல் இது வெளிவந்தபோது படித்தவர்கள் இருமுறை படித்திருப்பார்கள்.

நம் வயலிலும் இந்தச் சிரிஞ்சு வேலை செய்கிறது. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே, இலையோர நீர்த்துளைகளின் வழியாகவும் காயங்களின் வழியாகவும் நீர்க்குழாய்த் திசுவுக்குள் போகிறது. அங்கிருந்து நெல்லின் செல்லுக்குள் சில புரதங்களைச் செலுத்துகிறது. அவை செல்லின் உட்கருவரை போய், டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடி உட்கார்ந்து, சர்க்கரையை வெளியே விடும் ஸ்வீட் என்ற வகை மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. பெயர் தற்செயல் அல்ல. நெல் தன் சர்க்கரையைத் தானே கசியவிடுகிறது, பாக்டீரியா உட்கார்ந்து சாப்பிடுகிறது.

சந்தேகப்படும் இலை கிடைத்தால் செய்து பாருங்கள். மஞ்சளாகி ஓரம் அலையலையாகக் காய்ந்த இலையில், பச்சைப் பகுதியும் காய்ந்த பகுதியும் சந்திக்கும் இடத்தைக் கத்தரியால் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து வெட்டுமுனையை அதில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போல வெண்மையாக ஒரு இழை கீழே இறங்கும். அது பாக்டீரியா, கோடிக்கணக்கில். வெயிலில் காய்ந்த இலையென்றால் இழை வராது.

ஹைதராபாத்தில் உள்ள ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து 2008இல் வெளியிட்ட மேம்படுத்திய சம்பா மசூரி, அதாவது பிபிடி 5204இன் புது வடிவம், இந்த நோய்க்கு எதிரான மூன்று மரபணுக்களைக் கொண்டது. அவற்றில் ஒன்றின் தந்திரத்தைக் கவனியுங்கள்: பாக்டீரியாவின் புரதம் தேடிவரும் எழுத்து வரிசையே அதில் மாறியிருக்கிறது. ஊசி குத்துகிறது, சரக்கும் உள்ளே வருகிறது, உட்கார இடம் கிடைப்பதில்லை.

படி 7: வில்லில் பூட்டிய அம்பு

ஆறாம் வகை 2006இல்தான் அடையாளம் காணப்பட்டது. காலரா பாக்டீரியாவைத் தின்ன வந்த அமீபாவையே அது எப்படி வீழ்த்துகிறது என்று தேடியபோது கிடைத்தது. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் என்ற வைரஸின் வால்தான் இதன் முன்மாதிரி. ஆனால் திருப்பி நட்ட வால்: பாக்டீரியாவின் உள்ளிருந்து வெளியே பாயும். குழாய் ஒன்று, அதைச் சுற்றி ஒரு உறை, குழாயின் நுனியில் கூர்முனை. உறையைக் கட்டி முடிக்க அரை நிமிடம்போல ஆகிறது. சுருங்க ஐந்து மில்லிநொடிகூட ஆவதில்லை. சுருங்கும் வேகத்தில் குழாய் பக்கத்துச் செல்லுக்குள் பாய்கிறது. பிறகு உறையைப் பிரித்து, அடுத்த அம்புக்கு மறுபடி கட்டும்.

பெரும்பாலும் குத்து வாங்குவது பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாக்டீரியாதான். தன் இனத்தான் குத்துப்பட்டாலும் சாகாமல் இருக்க, ஒவ்வொரு நச்சுக்கும் ஒரு முறிப்புப் புரதத்தை உடன்பிறப்புகள் எல்லாம் வைத்திருக்கும். காலரா பாக்டீரியா குத்திக் கொன்றவனின் டிஎன்ஏவையும் எடுத்துத் தன்னுடையதோடு சேர்த்துக்கொள்கிறது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இன்னும் கணக்கான ஆள்: தன்னைக் குத்தினவன் நின்ற திசையைப் பார்த்துத் திருப்பிக் குத்துகிறது.

படி 8: சிரிஞ்சையே வெளியே விட்டுவிடுவது

ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியா ஹெட்டிரோராப்டைட்டிஸ் என்ற நூற்புழுவின் குடலில் வாழ்கிறது. மண்ணில் திரியும் இளம் நூற்புழு ஒரு பூச்சிப்புழுவுக்குள் நுழைந்து, அதன் ரத்தத்தில் பாக்டீரியாவைக் கக்குகிறது. இரண்டொரு நாளில் பூச்சி சாகும். பாக்டீரியா பெருகும், நூற்புழு பாக்டீரியாவைத் தின்று குட்டிகள் போடும், புதுக் குட்டிகள் பாக்டீரியாவைக் குடலில் நிரப்பிக்கொண்டு கிளம்பும். ஆய்வகத்தில் தேன்மெழுகுப் புழுவில் இதைச் செய்தால் செத்த புழு அழுகாமல் செங்கல் நிறமாகிறது. இருட்டறையில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு உட்கார்ந்தால், தட்டில் கிடக்கும் புழுக்கள் மங்கிய பச்சை ஒளியுடன் மெல்லத் துலங்கும். முதலில் கண்மயக்கம் என்றே தோன்றும். தட்டை நகர்த்தினால் ஒளியும் நகரும்.

இதன் ஆயுதங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று டிசி நச்சு. ஐந்து ஒரே மாதிரிப் புரதங்கள் மணிபோல் கூடியது. நடுவில் ஒரு குழல், தலையில் ஒரு கூடு. கூட்டுக்குள் கொல்லும் நொதி மடியாமல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. செல்லின் மேல் ஒட்டியபின் அமில கார நிலை மாறினால் மணியின் வெளிக்கூடு திறக்கிறது. இழுத்துக் கட்டிய ரப்பர்போல் விறைத்திருந்த இணைப்புகள் சுருங்கி, குழலைச் சவ்வுக்குள் இறக்குகின்றன. நொதி குழல் வழியே வழிகிறது. ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஸ்டெஃபான் ரௌன்சரின் குழு 2013 முதல் இதன் கட்டமைப்பைப் படம்பிடித்து வருகிறது. உள்ளே போகும் நொதிகளில் ஒன்று செல்லுக்கு எலும்புக்கூடுபோல் நிற்கும் ஆக்டின் என்ற புரதத்தைக் கட்டிகட்டியாக்கிவிடும். பாக்டீரியாவை விழுங்க வந்த செல்லால் கையையும் நீட்ட முடியாது.

மற்றது முன்சொன்ன ஃபேஜ் வாலின் உறவுக்காரன். இது பாக்டீரியாவோடு ஒட்டியிருப்பதில்லை. தனியாக மிதக்கும் சிரிஞ்சு. குழாய்க்குள் சரக்கு, வெளியே சுருங்கும் உறை, அடியில் செல்லைத் தேடிப் பிடிக்கும் கால்கள். அந்தக் கால்கள்தான் விலாசம். 2023இல் எம்ஐடியும் பிராட் நிறுவனமும் சார்ந்த ஃபெங் ஜாங்கின் குழு, புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டின் துணையோடு கால்களை மாற்றி, பூச்சியைத் தேடிய சிரிஞ்சை மனித செல்லைத் தேடவைத்தது. சரக்காக மரபணுவைத் திருத்தும் புரதங்களையும் ஏற்றியது. உயிருள்ள எலியின் மூளையிலும் சரக்கு இறங்கியது.

இந்தக் குடும்பத்தில் கொலையே செய்யாத ஒருவனும் உண்டு. சூடோஆல்டெரோமோனாஸ் என்ற கடல் பாக்டீரியாவின் இதேபோன்ற சுருங்கும் கருவிகள், ஒருவகைக் கடற்குழாய்ப் புழுவின் மிதக்கும் குஞ்சை ‘இனி இங்கே இறங்கிக் குடியேறு’ என்று உருமாறத் தூண்டுகின்றன. குத்தினால் வளர்கிறது!

படி 9: இப்போது நீங்களே செய்து பாருங்கள்

வரைந்த தாளில் பிடி நச்சை ஓட்டிப் பாருங்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பிடி. 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரெனச் சுருண்டு சாவதைப் பார்த்த இஷிவாத்தா அதைக் கண்டார்; பத்தாண்டு கழித்து ஜெர்மனியின் துரிஞ்சியா மாநிலத்து மாவு அந்துப்பூச்சியிலிருந்து பெர்லினர் மறுபடி எடுத்ததால் அந்த ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது.

வெளியே வருவது எப்படி? பாக்டீரியாவுக்குள் வித்து (ஸ்போர்) உருவாகும்போது நச்சும் பக்கத்திலேயே படிகமாகிறது; தாய்ச்செல் உடைந்து இரண்டும் கொட்டுகின்றன. முன்பே சொன்ன செத்துக் கொடுக்கும் வழி. செல்வரை கொண்டுபோவது யார்? புழுவே. இலையோடு சேர்த்துத் தின்கிறது. படிகத்தைக் கரைப்பது யார்? புழுவின் குடல், கம்பளிப்புழுவின் நடுக்குடல் கடுமையான காரம். வெட்டிக் கூர்தீட்டுவது? புழுவின் செரிமான நொதி. விலாசம்? குடல் செல்லின் மேலிருக்கும் கேடெரின் போன்ற புரதங்கள். நுழைவு? ஓட்டை. பிறகு புழு சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறது.

நம் வயிறு அமிலம், அந்த ஏற்பிகளும் நமக்கில்லை. ஆகவே தாளில் மனிதனை வலப்பக்கம் வைத்து ஓட்டினால் கோடு பாதி வழியில் நின்றுவிடும். எதிர்ப்பு எங்கே வரும் என்பதையும் தாளே காட்டிக்கொடுக்கும். இந்த நச்சின் மரபணுவைச் சேர்த்த பிடி பருத்திக்கு இந்தியாவில் 2002இல் அனுமதி கிடைத்தது. அடுத்த பத்தாண்டுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைத் தின்று தாக்குப்பிடிக்கத் தொடங்கியது. தப்பித்த புழுக்களைப் பிடித்துப் பரிசோதித்தபோது, அவற்றின் கேடெரின் மரபணுவில் பழுது இருந்தது.